ஆபரேஷன் ஒரு மணி நேரம். அப்புறம் மூன்று மாதம்?

முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டவரைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் விசாரிக்கிறார்கள். "வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். கொண்டு வந்த சாத்துக்குடியைத் தலைமாட்டில் வைக்கிறார்கள். "மூன்று மாதம் அசையாமல் ரெஸ்ட் எடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பி விடுகிறார்கள்.

கட்டிலில் படுத்திருப்பவரின் மனத்தில் ஓடுகிற கேள்வி வேறு. "நான் மறுபடியும் எப்போது வேலைக்குப் போவேன்?" என்பதுதான் அது.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் ஆளுக்கு ஒரு பதில் இருக்கிறது. பிரதம மந்திரிக்கு ஒரு பதில். கிரிக்கெட் ஆட்டக்காரருக்கு இன்னொரு பதில். முகையூர்ப் பக்கத்தில் நடவுக்குப் போகிற ஒரு தாய்க்கு மட்டும் யாரும் இதுவரை சரியான பதில் சொல்லவில்லை.

பிரதமரின் முழங்கால்

வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது அவருடைய இரண்டு முழங்கால்களும் தேய்ந்து போயிருந்தன. 2000 அக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் இடது முழங்காலுக்கு மாற்று மூட்டு வைத்தார்கள். 2001 ஜூன் மாதம் அதே ஆஸ்பத்திரியில் வலது முழங்காலுக்கும் வைத்தார்கள். நியூயார்க்கிலிருந்து வந்து ரண சிகிச்சை செய்தவர் டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். இந்தியாவில் பிறந்து, அமெரிக்காவில் மூட்டு மாற்று சிகிச்சையில் பெயர் பெற்றவர்.

அந்த இரண்டாவது ஆபரேஷன் நடந்து ஐந்து வாரத்துக்குச் சற்று மேல் ஆகியிருக்கும். ஜூலை 15-ந் தேதி ஆக்ராவில் பாகிஸ்தான் அதிபர் முஷாரப்புடன் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்துவிட்டார் வாஜ்பாய்! உலகமே அந்தப் பேச்சைக் கவனித்தது. முழங்காலைக் கவனித்தவர்கள் குறைவு.

அப்போது அவருக்கு வயது 76. அந்த வயதில் அது பாராட்ட வேண்டிய விஷயந்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பிரதமரின் வேலை எங்கே நடக்கிறது? நாற்காலியில். கார் வாசல் வரை வருகிறது. கூடவே டாக்டர்கள் வருகிறார்கள். முழங்காலை 90 டிகிரி மடக்கத் தெரிந்துவிட்டால் நாட்டையே ஆளலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லையில் ஒரு நாள் களை எடுக்க முடியாது.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. முழங்காலின் கணக்கே அப்படித்தான் இருக்கிறது. சமதரையில் நடக்க முழங்கால் சுமார் 65 டிகிரி மடங்கினால் போதும். மாடிப்படி ஏறி இறங்கவும் நாற்காலியிலிருந்து எழவும் 90 டிகிரிக்கும் சற்று மேலே வேண்டும். குந்தி உட்காரவோ, சம்மணம் போடவோ 130 டிகிரிக்கு மேல் வேண்டும். மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு 110, 120 வரைதான் மடங்குகிறது. கட்டாயப்படுத்திக் குந்தினால் புது மூட்டுக்குக் கெடுதல் என்றுதான் அநேக டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

ஆகவே "எப்போது வேலைக்குப் போகலாம்?" என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. என்ன வேலை?

முகையூர்ப் பக்கத்து வேலை

விழுப்புரத்துக்கும் திருக்கோவிலூருக்கும் இடையில் இருக்கிறது முகையூர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை இடம். சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை. (கடலை என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் ருசிக்காது, மல்லாட்டை என்றுதான் சொல்ல வேண்டும்.) இங்கே உடம்புதான் முதலீடு. அதிலும் முட்டிதான் முக்கியம்.

நடவு என்றால் சேற்றில் நின்று பின்னோக்கி நகர வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் சேறு காலைப் பிடித்து இழுக்கும். பாதம் ஒரு பக்கம் மாட்டிக்கொள்ள, உடம்பு மறுபக்கம் திரும்பும். முழங்காலுக்கு இந்தத் திருகலைப் போல் ஆகாதது வேறில்லை. களை எடுக்கவும் மல்லாட்டை ஆயவும் மணிக்கணக்கில் குந்த வேண்டும். கரும்பு வெட்டுகிறவர் அடிக்கட்டை வரை குனிந்து வெட்டி, கட்டைத் தலையில் ஏற்றி, சாய்த்து வைத்த பலகைமேல் நடந்து லாரியில் போட வேண்டும். அரகண்டநல்லூர் விற்பனைக்கூடத்தில் மூட்டை சுமக்கிறவருக்கும் இதே கதைதான்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு டாக்டர் "மூன்று மாதம் கழித்து வேலைக்குப் போகலாம்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம்? குமாஸ்தாவுக்கும் அதே மூன்று மாதம், கொத்தனாருக்கும் அதே மூன்று மாதமா? மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் பெரும்பாலும் நாலு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் போய்விடலாம். நின்று செய்கிற வேலைக்கு மூன்று மாதம் பிடிக்கும். சேற்று வேலைக்கும் சுமை வேலைக்கும் அதற்கும் மேலே ஆகும். சிலருக்கு அந்த வேலையையே மாற்றிக்கொள்ள வேண்டி வரும். இதை முன்கூட்டியே சொல்லாமல் மூட்டை மாற்றுவது பாதி வைத்தியந்தான்.

என் முழங்காலையும் ஒரு தடவை துளை போட்டுப் பார்த்தார்கள். உள்ளே கிழிந்திருந்த ஜவ்வைச் சிறிது நறுக்கி விட்டார்கள். பன்னிரண்டாம் நாள் ஆபீசுக்கு வந்து, காலை ஒரு ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டேன். சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை. அதே ஜவ்வு, அதே துளை, ஒரு கரும்பு வெட்டும் தொழிலாளிக்கு என்றால் அந்த வெட்டுப் பருவமே போயிருக்கும்.

ரெஸ்ட் என்னும் மயக்கம்

இனி தேகப்பயிற்சிக்கு வருவோம். இதில்தான் நம் ஜனங்களிடம் பெரிய மயக்கம் இருக்கிறது. ஆபரேஷன் என்றால் படுத்திருக்க வேண்டும். படுத்திருந்தால்தான் ஆறும் என்று நினைக்கிறார்கள். மகன் தாயைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டான். மருமகள் செம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து கையில் கொடுப்பாள். எல்லாம் பாசந்தான். ஆனால் அந்தப் பாசம் காலைக் கட்டையாக்கி விடும்!

தொடையின் முன்பக்கத்தில் நாலு தலை கொண்ட ஒரு பெரிய தசை இருக்கிறது. முழங்காலை நீட்டிப் பிடிப்பது அதுதான். முழங்கால் வீங்கியவுடன் அந்தத் தசை தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. மூளை உத்தரவு போட்டாலும் அது எழுந்திருக்காது. சில நாளிலேயே வற்ற ஆரம்பிக்கிறது. அந்தத் தசை வற்றிய காலில் எவ்வளவு விலை உயர்ந்த மூட்டை வைத்தாலும், படியில் இறங்கும்போது கால் மடிந்து கொடுத்துவிடும். ஆபரேஷன் மூட்டைத்தான் சரிசெய்யும். தசையைச் சரிசெய்ய வேண்டியவர் நோயாளி ஒருவர்தான். அவருக்காக வேறு யாரும் செய்ய முடியாது.

ஆகவேதான் இப்போது மூட்டு மாற்றிய அன்றைக்கோ மறுநாளோ வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்து விடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு செய்ய வேண்டியதும் மலையைப் புரட்டுகிற காரியமல்ல. படுத்தபடியே பாதத்தை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து போகாமல் இருப்பதற்கு இது. குதிகாலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலைக் கட்டிலை நோக்கி அமுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும். மடக்காமல் காலை ஒரு சாண் தூக்கி இறக்க வேண்டும். குதிகாலைப் படுக்கையோடு இழுத்து முழங்காலைக் கொஞ்சங் கொஞ்சமாக மடக்க வேண்டும். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, நடை, படி. டாக்டர் எந்த அளவு சொல்கிறாரோ அந்த அளவில் ஒரு நாளைக்கு மூன்று, நாலு தடவை செய்ய வேண்டும். ஜவ்வைத் தைத்திருந்தால் மட்டும் கணக்கு வேறு. எத்தனை நாளைக்கு எடை போடக் கூடாது, எவ்வளவு மடக்கலாம் என்று தைத்தவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு விஷயத்தை வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். "பாவம், வலிக்கிறது" என்று முழங்காலுக்கு அடியில் தலையணையை வைக்காதீர்கள். அப்போதைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் முழங்கால் மடிந்த நிலையிலேயே இறுகிப்போகும். மடங்காத காலைவிட நீளாத கால் மோசம். நடையே நொண்டியாகிவிடும்.

எவ்வளவு செய்தால் அதிகம்? இதற்கு மறுநாள் காலையில் பதில் கிடைத்துவிடும். நேற்றைவிட இன்று காலையில் முழங்கால் அதிகமாக வீங்கியிருந்தால், நேற்றுச் செய்தது அதிகம். அன்றைக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிஷம் ஒற்றிவிட்டு, அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்திவிடக் கூடாது. ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தாலும் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இளைஞர்களிடம் இதற்கு நேர் எதிரான தொல்லை இருக்கிறது. பொங்கல் கபடியில் லிகமென்ட் அறுந்து, புதிதாகத் தசைநார் வைத்துக் கட்டிக்கொண்ட பையனுக்கு மூன்றாம் மாதம் வலியே இருக்காது. நடப்பான், ஓடிப் பார்ப்பான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நிற்பான். வைத்த நார் உள்ளே இன்னும் வேரூன்றிக்கொண்டிருக்கிறது. வலி இல்லாததால் அவனுக்கு அது தெரிவதில்லை. கபடி போன்ற ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆக வேண்டும் என்பதுதான் இன்றைய வைத்தியர்களின் பொதுவான அபிப்பிராயம்.

கிரிக்கெட் ஆட்டக்காரர் ஜடேஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் முழங்காலில் ரண சிகிச்சை. இந்திய அணிக்கு அவர் எவ்வளவு அவசியம் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் நேரே டெஸ்ட் பந்தயத்தில் கொண்டுபோய் நிறுத்தவில்லை. 2023 ஜனவரியில் நம் சேப்பாக்கம் மைதானத்தில் தமிழ்நாட்டுக்கு எதிராகச் சௌராஷ்டிர அணிக்கு முதலில் ஆடினார். முழங்கால் தாங்குகிறதா என்று பார்க்கத்தான் அந்த ஆட்டம். பார்த்தும் விட்டார், இரண்டாவது இன்னிங்சில் நம்மவர்கள் ஏழு பேரை வீழ்த்தினார்! அதற்குப் பிறகுதான் பிப்ரவரியில் நாக்பூர் டெஸ்ட். அதில் முதல் இன்னிங்சிலேயே ஐந்து விக்கெட்.

படிப்படியாக வேலைக்குத் திரும்புவது என்றால் இதுதான். ஐந்து மாத காலம் அவருக்குப் பயிற்சி கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். வீட்டுச் செலவுக்குக் கவலை இல்லை. "எப்போதடா வருவாய்?" என்று கேட்டு மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடவில்லை.

கத்திக்குக் காசு உண்டு, காலுக்கு?

கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். முழங்கால் மாற்று மூட்டின் விலை தறிகெட்டுப் போயிருந்த காலத்தில், 2017 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் அதற்கு உச்ச விலை நிர்ணயித்தது. அதிகமாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று அப்போது வரையறுத்தார்கள். தமிழ்நாட்டில் 2009-ல் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. ஏழைக் குடும்பங்கள் அதன் மூலம் அரசு ஆஸ்பத்திரியிலேயே மூட்டு மாற்றிக்கொள்ள முடிகிறது. விழுப்புரத்துக்கு 2010-ல் முண்டியம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரியும் வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், பிசியோதெரபி செய்கிறவரை வீட்டுக்கே அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பணம் உண்டு. மூட்டுக்குப் பணம் உண்டு. ஆபரேஷன் செய்துகொண்டவர் மூன்று மாதம் என்ன சாப்பிடுவார் என்பதற்கு ஏற்பாடு எங்கே?

கூலிக்குப் போகிறவர் வீட்டில் மூன்று மாதம் என்பது சின்ன விஷயமல்ல. கைமாற்று வாங்குவார்கள். குழுக் கடன் வாங்குவார்கள். ஆறாவது வாரம் வட்டி நெருக்கும். ஏழாவது வாரம் அந்த அம்மாள் முழங்காலில் துணியைக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிடுவாள். தேகப்பயிற்சி அன்றோடு நின்றது. கால் வீங்கும், வலி மாத்திரை வாங்குவாள், மாத்திரை வயிற்றைக் கெடுக்கும். கடைசியில் ஊர் என்ன சொல்லும்? "முட்டி ஆபரேஷன் செய்தால் இப்படித்தான், ஆகாது" என்று சொல்லும். பக்கத்து வீட்டில் உண்மையாகவே ஆபரேஷன் தேவைப்படுகிறவர் பயந்து நின்றுவிடுவார். சர்க்கார் செலவழித்த பணமும் வீண், டாக்டர் பட்ட பாடும் வீண்.

"வேலைக்குப் போகாமல் கூலியா? எல்லோரும் முட்டி வலி என்று படுத்துக்கொள்வார்களே!" என்று கேட்பவர்கள் உண்டு. தையல் போட்ட காலைக் காட்டி யாரும் பொய் சொல்ல முடியாது. தவிர, இது புதிய யோசனையுமல்ல. ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்தது. 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த தொழிலாளி நோயாய்ப் படுத்தால், சந்தா செலுத்திய கணக்கு சரியாக இருக்குமானால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கிறது. 91 நாள் என்பது கிட்டத்தட்ட நாம் சொல்கிற அந்த மூன்று மாதந்தான்! ஆலைத் தொழிலாளியின் முழங்காலும் வயலில் இறங்குகிறவரின் முழங்காலும் ஒரே எலும்பினால் ஆனவைதானே? வயல் கூலிக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை.

என் யோசனை இது. காப்பீட்டில் முழங்கால் ஆபரேஷனுக்கு என்று ஒதுக்கும் தொகையோடு, அடுத்த மூன்று மாதக் கூலியில் ஒரு பகுதியையும் சேர்த்து விட வேண்டும். அதை மொத்தமாகக் கொடுத்தால் பழைய கடனுக்குப் போய்விடும். மாதா மாதம், பிசியோதெரபிஸ்ட் வந்து காலை மடக்கி நீட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு கொடுக்கலாம். அப்போது பயிற்சியும் நடக்கும், அடுப்பும் எரியும். வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்று வைத்துக்கொண்டு முகையூர் ஒன்றியத்தின் கிராமங்கள் அத்தனைக்கும் அவர் போய்வர முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆள் கூட வேண்டும்.

படிப்படியாகத் திரும்புவதற்கு வேலையும் இருக்கிறது. விதை மல்லாட்டை உடைப்பது நாற்காலியில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைதான். தரையில் உட்கார்ந்துதான் உடைக்க வேண்டும் என்று சட்டமில்லை. களத்து மேட்டில் கணக்குப் பார்க்கலாம். நூறு நாள் வேலைத் திட்டம் 2006-ல் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற இலகுவான வேலைகளை முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் ஒதுக்க அதில் வழி இருந்தது. ஆபரேஷனிலிருந்து தேறி வருகிறவருக்கும் அதே மாதிரி ஓரிரு மாதம் இடம் கொடுப்பதில் யாருக்கு நஷ்டம்?

வீட்டு வேலையும் வேலைதான்

ஆண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று மீதி இருக்கிறது. "அவள் எங்கே வேலைக்குப் போகிறாள்? வீட்டில்தானே இருக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டே, பதினைந்தாம் நாள் அடுப்படிக்கு அனுப்பிவிடுகிற வீடுகள் அநேகம். அடுப்பு தரையில் இருக்கும். அரிவாள்மணை தரையில் இருக்கும். மாட்டுக்கு அடியில் குந்திப் பால் கறக்க வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் பாரத்தைத் தாங்கி வர வேண்டும். நடவைவிட இவை எந்த விதத்தில் லேசு?

இதற்குச் சர்க்கார் வர வேண்டியதில்லை. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவுடன் வீட்டில் அடுப்பை மேடைமேல் ஏற்றுங்கள். தரையில் பாய் போட்டுப் படுப்பவருக்கு முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டில் வாங்குங்கள். கழிப்பறையில் குந்தும் பீங்கானுக்கு மேல் வைக்க, நடுவில் துளையுள்ள நாற்காலி கடைகளில் கிடைக்கிறது. சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடிக்கக் கொத்தனாருக்கு அரை நாள் போதும். தொடைத் தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு முந்தியே ஆரம்பித்துவிட்டால் பின்னால் பாதி சிரமம் குறையும்.

அடிபட்ட முழங்கால் நாள் பார்க்க விடாது. தேய்ந்த முழங்காலுக்கு நாள் பார்க்கலாம். ஆடி, ஆவணியில் போய்ப் படுத்துக்கொண்டு, ஊரெல்லாம் நடவுக்குப் போகையில் திண்ணையில் உட்கார்ந்து தவிப்பதைவிட, சம்பா அறுவடை முடிந்து பொங்கல் கழித்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம். அவரவர் ஊரின் பயிர்க் கணக்கை டாக்டரிடம் சொல்லித் தேதி கேளுங்கள். "ஐயா, நான் செய்கிற வேலை இது, சேற்றில் எத்தனையாவது மாதம் இறங்கலாம்?" என்று அப்போதே கேட்டு, அந்தப் பதிலையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.